பழைய லேலண்ட் காமெட், டாடா பென்ஸ் லாரிகளையும் அந்தக் காலத்து டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளையும் ஓட்டுநர்கள் இன்னும் பேசிக்கொண்டே இருப்பது ஏன்? அவை உண்மையிலேயே நல்ல வண்டிகளா?

பிரேக், ஸ்டியரிங், சீட், கேபினுக்குள் அடிக்கும் சூடு என்று எதை எடுத்தாலும் இன்றைய வண்டிக்கு முன்னால் அவை நிற்காது. லோடு ஏற்றிய காமெட்டை பவர் ஸ்டியரிங் இல்லாமல் மார்க்கெட் சந்துக்குள் திருப்பியவரின் தோளைக் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் இன்றைய வண்டிகள் அவற்றின் பக்கத்தில் வர முடியாது. நடுரோட்டில் நின்றுபோனால், கையிலுள்ள ஸ்பேனரை வைத்து ஓட்டுநரே கிளப்பிக்கொண்டு போகலாம். பழைய ஓட்டுநர்கள் உட்கார்ந்து பேசுவதைக் கவனித்தால் பேச்சு முழுக்க இதைச் சுற்றித்தான் ஓடும்.

முதலில் வண்டிகள். எண்ணூரில் 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆரம்பத்தில் ஆஸ்டின் கார்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டி விற்றது. இங்கிலாந்தின் லேலண்டுடன் ஒப்பந்தமான பிறகு 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட் அங்கிருந்து வந்தது. அதன் இன்ஜினை 350, 370, 400 என்று சொல்வார்கள். அது கன அங்குலக் கணக்கு. 370 என்றால் சுமார் 6 லிட்டர், 400 என்றால் சுமார் 6.5 லிட்டர். ஜாம்ஷெட்பூரில் டாடாவின் லாரி கம்பெனியான டெல்கோ 1954-ல் டெய்ம்லர் பென்ஸுடன் கைகோத்தது. 15 வருட ஒப்பந்தம் 1969-ல் முடிந்ததும் முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் டாடாவின் ‘டி’ வந்தது. பெயர் மாறிய பிறகும் பல ஊர்களில் அது ‘பென்ஸ் லாரி’தான். 1210 என்றால் மொத்த எடை 12 டன், 100 குதிரைசக்தி. 692 இன்ஜின் என்றால் ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), கிட்டத்தட்ட 4.8 லிட்டர். பின்னால் வந்த 697-க்கு போர் 97, கொள்ளளவு 5.7 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

‘ஏத்தத்துக்கு லேலண்ட், லைனுக்கு (நீண்ட தூர ஓட்டத்துக்கு) டாடா’ என்ற பேச்சுக்கான காரணம் இந்த அளவுகளில் இருக்கிறது. பெரிய கொள்ளளவு கொண்ட 370 குறைந்த சுற்றிலேயே இழுக்கும், ஏற்றத்தில் சட்டென்று கியரைக் குறைக்க வேண்டியதில்லை. டாடா லேசான வண்டி. வட இந்தியாவில் எந்த ஊரில் நின்றாலும் அதற்கு உதிரிபாகமும் தெரிந்த மெக்கானிக்கும் கிடைத்தார்கள். என் கணிப்பில் நீண்ட தூரத்தில் டாடா ஜெயித்ததற்கு இன்ஜினை விட இதுதான் பெரிய காரணம். இன்னொரு சின்ன விஷயம்: பழைய லேலண்டில் நட்டு போல்ட் அங்குல அளவு, டாடாவில் மில்லிமீட்டர். இரண்டும் வைத்திருந்த கம்பெனி ஷெட்டில் ஸ்பேனர் செட்டும் இரண்டு இருக்கும். மாற்றிப் போட்டால் நட்டின் முனை மழுங்கிவிடும்.

அடுத்து கியர். அந்தப் பெட்டிகளில் சின்க்ரோ, அதாவது கியர்களின் சுற்றைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது. மேல் கியருக்குப் போக கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளட்சை விட வேண்டும். இன்ஜின் சுற்று இறங்கும்வரை ஒரு கணம் பொறுத்து, மறுபடி மிதித்து கியரைப் போட வேண்டும். கீழ் கியருக்கு அதே வரிசைதான், நியூட்ரலில் கிளட்சை விட்ட நிலையில் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி சுற்றை ஏற்ற வேண்டும் என்பது மட்டும் கூடுதல். எவ்வளவு தட்டுவது என்பதை லோடும் ரோட்டின் சரிவும் தீர்மானிக்கும், அதைக் காதால் பிடிக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாதவர் கையில் பல் கத்தும். கத்திக் கத்தி, கியரைப் பிடித்து நிறுத்தும் டாக் பற்களின் முனை உருண்டுவிட்டால், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும். மலைப்பாதையில் அது உயிர்ப்பிரச்சினை. வண்டியை யார் ஓட்டியிருக்கிறார் என்பதை கியர் பெட்டியைத் திறந்தால் சொல்லிவிடலாம் என்று மெக்கானிக்குகள் சொன்னதில் மிகை இல்லை.

டீசல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. டேங்க் காலியாகி நின்றாலோ ஃபில்டர் மாற்றினாலோ ஏர் லாக் ஆகும், அதாவது டீசல் போகும் வழியில் காற்று அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் தலையிலுள்ள காற்று ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கைப்பிடியைத் திருகி எழுப்பி அடிக்க வேண்டும். நுரை நின்று சுத்த டீசல் வரும்போதே, வடிவது நிற்பதற்கு முன், ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். பிறகு இன்ஜினுக்கு டீசலைத் தள்ளும் பெரிய பம்பின் மேலுள்ள ஸ்க்ரூவிலும் அதே வேலை. அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் இரண்டு மூன்றில் பைப் நட்டை (டாடாவில் 17-ம் நம்பர்) லேசாகத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கிக்கொண்டு செல்ஃப் அடித்தால் டீசல் பீய்ச்சும். பீய்ச்சியதும் இறுக்கிவிடலாம். கைப்பிடியை மறுபடி திருகி உட்கார வைக்க மறந்தால் அந்த வழியாகவே காற்று ஏறும். கழற்றிய செம்பு வாஷரை அப்படியே போட்டால் கசியும். அது அழுந்தி அழுந்திக் கெட்டியாகியிருக்கும், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும்.

இவ்வளவும் செய்து பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி நின்றால், கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் இருக்கும். அந்தப் பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. விரிசல் இருந்தால் வெளியே ஒரு சொட்டு கூட வடியாது, காற்றுதான் உள்ளே போகும். ஈரம் தெரியும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

டாடாவின் மைக்கோ டீசல் பம்புகளில் நியூமேட்டிக் கவர்னர், அதாவது காற்றின் உறிஞ்சுதலால் இன்ஜின் சுற்றைக் கட்டுப்படுத்தும் அமைப்பு, இருந்தது. காற்று உள்ளே போகும் வழியிலுள்ள வெஞ்சுரி என்ற குறுகலான பகுதியிலிருந்து ஒரு சின்ன டியூப் வரும். அதன் உறிஞ்சுதல் ஒரு தோல் டயாஃப்ரத்தை (சவ்வை) இழுத்து டீசலைக் குறைக்கும். தோல் கிழிந்தாலோ டியூப் வெடித்தாலோ இழுக்க ஆளில்லை, பம்ப் முழு டீசலும் தள்ளும், இன்ஜின் கட்டுக்கடங்காமல் அலறும். முதல் வேலை ஸ்டாப் நாபை இழுப்பது. அதற்கும் அடங்காவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்து டாப் கியரில் கிளட்சை விட்டுத் திணறடித்து நிறுத்த வேண்டும். நின்றபின் முதலில் டியூபையும் அதன் யூனியனையும் பார்க்க வேண்டும், பெரும்பாலும் பம்பைக் கழற்றாமலே தீர்ந்துவிடும். தோல் காய்ந்து வெடிக்காமலிருக்க அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் விடும் வழக்கம் இருந்தது. மறக்காமல் எண்ணெய் விட்டவர் நல்ல கிளீனர்.

பிரேக்கைப் பற்றிப் பேசும்போது பழம்பெருமை பேசக் கூடாது. வேக்குவம் (வெற்றிடம்) உதவியுள்ள ஹைட்ராலிக் பிரேக்கில், அந்த வேக்குவத்தை உண்டாக்குவது இன்ஜினோடு சுற்றும் எக்ஸாஸ்டர் என்ற பம்ப். இன்ஜின் நின்றால் சேமிப்பு டேங்கில் உள்ளது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் இறுகிப்போகும், முழு பலத்தோடு மிதித்தாலும் லோடு வண்டி நிற்காது. இன்றைய ஏர் பிரேக்கில் காற்று போனால் ஸ்பிரிங் தானாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாதுகாப்பு அன்று இல்லை.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போட்டு, இன்ஜினையும் அணைத்துவிடும் கெட்ட பழக்கம் எத்தனையோ பேரைக் கொன்றது இதனால்தான். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பத்திலும் ஒரே விதிதான்: எந்த கியரில் ஏறுமோ அந்த கியரில் இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்பே அந்த கியரில் இருக்க வேண்டும். பாதி வழியில் வேகம் கூடிய பிறகு சின்க்ரோ இல்லாத பெட்டியில் கீழ் கியர் விழாது, டிரைவர் நியூட்ரலில் மாட்டிக்கொள்வார். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் ஆழமாக இறங்கும். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துத் தானாக ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிரம் விரிசல் விடும்.

டயர் வேலையில் இன்னொரு ஆபத்து. 9.00-20, 10.00-20 நைலான் டயர், உள்ளே டியூப், டியூபுக்கும் ரிம்முக்கும் நடுவே ஃபிளாப் என்ற ரப்பர் பட்டை, வெளியே டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் இரும்புப் பூட்டு வளையம். வளையத்தைத் தொடுவதற்கு முன் வால்வின் ஊசியை முழுசாகக் கழற்றிக் காற்று அத்தனையும் போக வேண்டும். இரட்டைச் சக்கரமானால் இரண்டு டயரிலுமே. காற்று அடிக்கும்போது முதலில் கொஞ்சம் மட்டும் ஏற்றி, வளையம் சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே 100 பவுண்டுக்குப் போக வேண்டும். வேறு ரிம்மின் வளையத்தைப் பொருத்தினாலோ பள்ளத்தில் துரு இருந்தாலோ வளையம் தெறிக்கும். சங்கிலியைச் சுற்றிக் கட்டாமல், வளையத்துக்கு எதிரே குனிந்து நின்று காற்று அடித்த பையன்கள் முகம் சிதைந்து செத்திருக்கிறார்கள். டீக்கடையில் நின்றதும் கிளீனர் ஜாக்கி கம்பியால் ஒவ்வொரு டயராகத் தட்டுவதும் சடங்கல்ல. இரட்டைச் சக்கரத்தில் ஒன்று காற்று இறங்கினால் வெளியே தெரியாது, பக்கத்து டயர் இரண்டு பங்கு லோடு சுமந்து சூடேறும். காற்றுள்ளது கணீரென்று ஒலிக்கும், இல்லாதது மொத்தென்று.

ஸ்பிரிங் பட்டையில் அடிக்கடி ஒடிந்தது பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட். பட்டையை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்ததைக் கவனிக்காததே காரணம். பட்டை மாற்றினால் லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும்.

இனி கம்பெனிகள். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912-ல் தஞ்சாவூர்–புதுக்கோட்டை பஸ் விட்டதில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் சதர்ன் ரோட்வேஸ், நாச்சிமுத்து கவுண்டர் பொள்ளாச்சியில் 1931-ல் தொடங்கிய ஆனமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட் என்ற ஏ.பி.டி. ஆகிய இரண்டு பெயரும் தெற்கிலும் மேற்கிலும் தவறாமல் வரும். 1970-களின் தொடக்கத்தில் பஸ் தடங்கள் அரசிடம் போனபின் இந்தப் பெயர்களை ரோட்டில் காப்பாற்றியது பார்சலும் லாரியும். இப்படிப்பட்ட கம்பெனியில் மாதச் சம்பளம், சொந்த ஷெட், கிலோமீட்டர் கணக்குப்படி சர்வீஸ். ‘கம்பெனி டிரைவர்’ என்றால் பெண் கொடுக்கிற வீட்டில் மரியாதை.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் கதை வேறு. அங்கே கிளீனராக ஏறியவர் டிரைவராகி, இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய வண்டி வாங்கி ஓனர் ஆனார். இது நடந்ததற்குக் காரணம் மேலே சொன்ன ரிப்பேர் வேலைகள்தான். பத்து வயசு வண்டியைத் தன் கையாலேயே ஓட வைக்கத் தெரிந்தவருக்கு அது சொத்து. பழைய லாரிக்குக் கடன் கொடுப்பதும் அதனால்தான் தொழிலாக வளர்ந்தது. புது வண்டி என்றாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தது இன்ஜினும் முகப்பும் உள்ள வெறும் சேஸிஸ்தான். அதை ஓட்டிக்கொண்டு வந்து நாமக்கல் பட்டறையில் கேபினும் பாடியும் கட்டினார்கள். எந்த இடத்தில் படுக்கை, எங்கே சாமி படம், டூல்ஸ் பெட்டி எவ்வளவு நீளம் என்பதை ஓனரும் டிரைவரும் பக்கத்தில் நின்று சொன்னார்கள். பிறகு எப்படி அவர்கள் அந்த வண்டியைப் பெயர் சொல்லி நினைக்காமலிருப்பார்கள்?

1975-ல் வந்த, பல மாநிலங்களில் ஓட்ட அனுமதிக்கும் நேஷனல் பர்மிட் இவர்களை வடக்கே கொண்டுபோனது. அந்த வண்டிகளுக்குக் காய்ந்த இலைப் பழுப்பு நிறம், 30 சென்டிமீட்டர் வெள்ளைக் கரை என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே எழுதியிருந்தது. இரண்டு டிரைவர் கட்டாயம், ஒருவர் காலை நீட்டிப் படுக்க இடமும் கட்டாயம். இரண்டாவது டிரைவர் நிபந்தனையை 2018-ல் எடுத்துவிட்டார்கள். ஒற்றை ஆளாக இரவு பகல் ஓட்டும் இன்றைய நிலையைப் பார்க்கும்போது அது தவறான முடிவென்றே எனக்குப் படுகிறது.

2020 ஏப்ரலிலிருந்து புது வண்டி என்றால் கடுமையான புகை விதிப்படி வரும் பி.எஸ்.6 வண்டிகள்தான். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா தீர்ந்தாலோ ஒரு சென்சார் கெட்டாலோ இன்ஜின் இழுவையைக் குறைத்துக்கொள்ளும், லேப்டாப்போடு ஆள் வரும்வரை டிரைவர் ஓரத்தில் உட்கார வேண்டும். புகை குறைந்தது ஊருக்கு நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் டிரைவருக்கும் வண்டிக்கும் இருந்த தொழில் உறவு அதோடு அறுந்தது. நேரில் விசாரிக்க ஆசைப்பட்டால் சங்ககிரி, நாமக்கல் பட்டறைகளில் வயதான ஓட்டுநர்கள் கிடைப்பார்கள். எந்த கம்பெனி என்று கேட்டால் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ‘உங்க வண்டி 370-ஆ 400-ஆ, பம்ப் என்ன பம்ப்?’ என்று கேட்டுப் பாருங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள்.