ஐடி 190 கோடியைத் தொட்டுவிட்டது, இனி?

கேள்வி: மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸில் ஓடும் எங்கள் ஆர்டர் டேபிளின் ஐடி (ஒவ்வொரு புது வரிசைக்கும் தானாகக் கூடும் எண்), இன்ட் வகை. எண் 190 கோடியைத் தொட்டுவிட்டது. வரிசைகளோ 60 கோடிதான். தினமும் 15 லட்சம் எண்கள் செலவாகின்றன. என்ன செய்வது?

பதில்: இன்ட் என்பது 4 பைட் முழு எண், 2,147,483,647 வரைதான் போகும். உங்கள் கணக்குப்படி சுமார் 165 நாள் கையில் இருக்கிறது. எண் தீர்ந்ததும் அடுத்த இன்செர்ட்டுக்கு (புது வரிசை சேர்ப்புக்கு) 1062, அதாவது டூப்ளிகேட் என்ற பிழைதான் வரும். காரணம் புரியாமல் இரட்டைப் பதிவைத் தேடி அலையாதீர்கள்.

மீதி 130 கோடி எங்கே போனது? வரிசைகளை அழிக்கும் வழக்கம் இல்லையென்றால், இன்செர்ட் இக்னோர் (ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடும்), ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் (ஏற்கெனவே இருந்தால் அதைத் திருத்தும்) இரண்டையும் கோடில் தேடுங்கள். புது வரிசை சேராவிட்டாலும் இவை ஓர் எண்ணை விழுங்கிவிடும். ரோல்பேக் ஆன, அதாவது பாதியில் ரத்தான பதிவின் எண்ணும் திரும்பாது. அடிக்கடி ஓடும் இடங்களில் முதலில் அப்டேட், வரிசை இல்லாவிட்டால் மட்டும் இன்செர்ட் என்று மாற்றினாலே அவகாசம் நீளும்.

இன்ட்டை அன்சைன்டு (மைனஸ் எண் இல்லாதது) ஆக்கினால் 429 கோடி வரை போகலாம் என்பார்கள். வேண்டாம். அதற்கும் டேபிள் முழுவதையும் நகலெடுத்தாக வேண்டும். அதே உழைப்பில் 8 பைட் எண்ணான பிக்இன்ட்டுக்கே போய்விடுங்கள். வரிசைக்கு 4 பைட் கூடும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் துணை இண்டெக்ஸ்களும் (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) பிரைமரி கீயை, அதாவது இந்த ஐடியைச் சுமப்பதால், 3 இண்டெக்ஸ் இருந்தால் மொத்தம் 10 ஜிபி அளவுக்குக் கூடும்.

டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளையை நேரடியாகக் கொடுத்தால் முடியும்வரை ஆர்டர் எதுவும் பதிவாகாது. டேபிள் ஓடும்போதே பின்னணியில் நகலெடுத்து மாற்றும் பிடி-ஆன்லைன்-ஸ்கீமா-சேஞ்ச் அல்லது ஜிஹெச்-ஓஸ்ட் கருவியைப் பயன்படுத்துங்கள். பின்னது ஃபாரின் கீ (ஒரு டேபிளை இன்னொன்றோடு பிணைக்கும் விதி) உள்ள டேபிளை ஏற்காது. டேபிள் அளவுக்குக் காலி இடமும், மாற்றங்களைப் பதியும் பைனரி லாகுக்கு அதற்கு மேலும் வேண்டும்.

பலர் சறுக்குவது துணை டேபிள்களில்தான். ஆர்டர் ஐடியைத் தாங்கும் பேமென்ட், டெலிவரி டேபிள்களை முதலில் அகலப்படுத்துங்கள். ஃபாரின் கீ இருந்தால் இரு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால், அதை நீக்கி, இரண்டையும் மாற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். ஒன்றை மறந்தால், ஸ்ட்ரிக்ட் மோடில் (தவறான மதிப்பை மறுக்கும் அமைப்பில்) 1264, அதாவது எல்லை மீறிய எண் என்ற பிழை வரும், அது நல்லது. ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் வெறும் எச்சரிக்கையோடு 2,147,483,647 என்றே பதிவாகும். அன்று முதல் வரும் பேமென்ட் எல்லாம் ஒரே ஆர்டரின் தலையில் விழும்.

ஜாவா கோடில் இன்ட் இருக்கும் இடங்களை லாங் ஆக்கிவிட்டு, டெஸ்ட் சர்வரில் ஆட்டோ இன்கிரிமென்ட்டை 2,147,483,648-இல் தொடங்கி ஒரு ஆர்டரைப் பேமென்ட், டெலிவரி வரை ஓட்டிப் பாருங்கள்.