யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக்குள் ஐந்தாறு கோழி வளர்க்க ஆசை. புதிதாகத் தொடங்குபவருக்கு என்னென்ன சிக்கல் வரும்?

தீனும் நோயும்தான் பெரிய சிக்கல் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். கோண்டாவில் பக்கம், இரண்டரைப் பரப்பு வளவு, ஆறு ஊர்க்கோழிப் பேடு, ஒரு சேவல். முதல் மூன்று மாதத்தில் நோயால் செத்தது ஒன்றுகூட இல்லை. மரநாய் தின்றது மூன்று.

கூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டினேன். நாலு பக்கமும் கம்பி வலை, கதவுக்குக் கொளுக்கி, மேலே குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தென்னோலைக் கிடுகு. பக்கத்தால் வரும் என்று காவல் போட்டேனே தவிர, பனையில் ஏறித் திரிகிற பிராணிக்குக் கூரை ஒரு பொருட்டா என்று யோசிக்கவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் வலையில் ஒரு கீறல் இல்லை, கொளுக்கி போட்டது போட்டபடி இருக்கிறது, முகட்டில் மட்டும் இரண்டு கிடுகு விலகி ஒரு பொட்டு, உள்ளே முழுக்க இறகு. இப்போது கிடுகுக்குக் கீழே தகரம் இருக்கிறது. வெறும் தகரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், காண்டாவன வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு இளைக்கும், அதற்கு வியர்க்காது. கூட்டையும் நிலத்திலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். மாரியில் ஈரத்தில் நிற்காது, எச்சத்தைக் கூட்டி அள்ளுவதும் சுகம்.

பகலில் கீரியும் காகமும். இரண்டும் குஞ்சைத்தான் குறிவைக்கும், அதனால் முதல் சில வாரம் தாயையும் குஞ்சையும் கூடை மாதிரிக் கவிழ்க்கிற கரப்புக்குள் விடுவதுதான் நல்லது.

அடுத்த சிக்கலை யாரும் சொல்லித்தருவதில்லை: அயல். கோழிக்கு எல்லை தெரியாது, எங்களுக்கோ வேலி மதிலாகி வருஷக்கணக்கு, ஆனால் பின்பக்கம் இன்னும் கிடுகு வேலிதான், அதில் எங்கே பொட்டு இருக்கிறது என்று என்னைவிடக் கோழிக்கு நன்றாகத் தெரியும். “தம்பி, உங்கட வெள்ளைப் பேடு எங்கட வெங்காயப் பாத்தியைக் கிண்டிக்கொண்டு நிக்குது” என்று பக்கத்து மாமி முதல் தடவை சிரித்துக்கொண்டுதான் சொன்னார், மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. பொட்டை அடைத்தேன், ஒரு செட்டையின் நீண்ட இறகுகளின் நுனியையும் கத்தரித்துவிட்டேன் (நோகாது, பிறகு வளரும், இரண்டு பக்கமும் வெட்டினால் பயனில்லை, ஒரு பக்கம் மட்டும் வெட்டினால்தான் நிலை தவறிப் பறக்க முடியாமல் போகும்). அப்புறம் வாரம் நாலு முட்டை மாமி வீட்டுக்கு. அதை நட்டத்தில் எழுதாதீர்கள், தீன் செலவில் எழுதுங்கள்.

முட்டை என்றதும் இன்னொன்று. வெளியே திரிகிற கோழி நீங்கள் செய்து வைத்த பெட்டியில் முட்டையிடும் என்று நம்பாதீர்கள். என்னுடைய கருவல் பேடு மூன்று கிழமை முட்டையே இல்லை, ஆனால் தினமும் கேறிக்கொண்டு வரும். கடைசியில் அடுக்கி வைத்த பழைய ஓலைக்குள் பதினொரு முட்டை கிடந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை: காலமை கூடு திறக்கும்போதே ஒவ்வொரு பேடாகப் பிடித்து, வாலுக்குக் கீழே விரலால் தொட்டுப் பார்ப்பார், கட்டியாகத் தட்டுப்பட்டால் அன்றைக்கு முட்டை உண்டு, உடனே அதைக் கடகத்தால் மூடிவிடுவார், முட்டை விழுந்த பிறகுதான் விடுதலை. எனக்கு அந்த விரல் பழக்கம் வர இரண்டு மாதம் போனது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அதனால் ஒவ்வொரு நாளும் பிந்திப் பிந்தி இட்டு, பிறகு ஒரு நாள் இடாமல் விடும். அதைப் பார்த்துப் பயந்து மருந்து தேடி ஓடாதீர்கள். கோது இல்லாத தோல்முட்டை வந்தால் மட்டும் சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள், முட்டைக் கோதைக் காயவைத்து நன்றாக நொறுக்கித் தீனில் கலந்தால் சரிவரும். முழுக் கோதாகப் போட்டால் முட்டை குடிக்கப் பழகிவிடும், பழகின கோழியைத் திருத்துவது பெரும்பாடு.

அந்தப் பதினொன்றையும் ஆசைப்பட்டு அப்படியே அடைக்கு வைத்தேன். இருபத்தொரு நாள் கழித்து நாலு குஞ்சு, மிச்சம் கூழ். வெக்கையில் மூன்று கிழமை கிடந்த முட்டை வேறென்ன ஆகும்! இடி முழங்கினாலும் கூழாகும் என்று அம்மா ஒரு இரும்பாணியைக் கூடவே வைத்திருந்தார், ஆணி பழுதாகவில்லை. அடைக்கு வைக்கிற முட்டை ஒரு கிழமைக்கு உட்பட்டதாக இருக்கட்டும். ஏழாம் நாள் இரவு போன் டோர்ச்சை முட்டையின் அகன்ற பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது, வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் எடுத்துவிடலாம்.

நோய் எனக்கு முதலில் வரவில்லை என்றேனே, இரண்டாம் வருஷம் வந்தது. பச்சையாகக் கழிந்து, கழுத்துத் திருகி, தூங்கித் தூங்கி விழுந்தால் ராணிக்கெட் என்று சந்தேகப்படுங்கள். வந்தபின் மருந்து இல்லை, வருமுன் தடுப்பு மருந்துதான். புதியவருக்கு அதிலும் ஒரு தொல்லை: தடுப்பு மருந்துக் குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்குப் போதும் அளவில் வரும், கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஆறு கோழிக்காக அதைத் திறப்பது வீண். கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள், ஒழுங்கையில் கோழி வைத்திருக்கிற மற்ற வீடுகளையும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். மாரியில் நுளம்பு பெருகும்போது கொண்டையில் கொப்புளமும் வரும், அது அம்மை. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரிய கோழி பெரும்பாலும் தப்பிவிடும்.

தீன் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. குறுணல், தவிடு, முருங்கை இலை, கடைத்தீன் கொஞ்சம், மிச்சத்தை அதுவே கிண்டித் தின்னும். சுத்தமான தண்ணீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும்.

தொடங்குவதென்றால் மாரி முடிந்து தை, மாசியில் தொடங்குங்கள். குஞ்சாக வேண்டாம், முட்டையிடப் போகிற வயதில் நாலு பேடு போதும். முட்டைக்கு மட்டும் என்றால் சேவல் தேவையே இல்லை, விடிய மூன்று மணிக்குக் கூவிப் பக்கத்து வீட்டாரை எழுப்புவதற்கு ஆளும் இருக்காது.