வாசகர் கேள்வி – பதில்: கணக்கர் மேசையில் பிறந்த அலங்கார எழுத்து

கேள்வி: என் தாத்தா மண்ணடியில் ஒரு வணிக நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் கட்டைப் பேனாவால் எழுதிய இரண்டு ஆங்கிலக் கடிதங்கள் எங்களிடம் உள்ளன. இறங்கும் கோடுகள் தடித்தும், ஏறும் கோடுகள் மயிரிழையாகவும் இருக்கின்றன. இந்த எழுத்து எங்கிருந்து வந்தது? இதற்கென ஆசான்கள் இருந்தார்களா?
– ராயபுரம் வாசகர்

பதில்: உங்கள் தாத்தா எழுதியது பெரும்பாலும் ‘ரவுண்ட் ஹேண்ட்’ மரபைச் சேர்ந்த எழுத்தாக இருக்கும். ‘காப்பர்பிளேட்’ என்ற பெயரும் அதற்குப் பின்னாளில் வழங்கியது. கப்பல் சரக்கும் ரசீதும் உண்டியல் என்ற வணிகப் பணச் சீட்டும் பேரேடும் பெருகிய லண்டனில், வேகமாகவும் பிறர் தடுமாறாமல் படிக்கும்படியும் எழுதக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டதால் வளர்ந்த எழுத்து இது. அங்கிருந்த எழுத்தாசான்கள் தங்கள் கையெழுத்து மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘தி யுனிவர்சல் பென்மேன்’ 25 ஆசான்களின் எழுத்தைத் தாங்கிய தொகுப்பு. அதில் நாம் வியக்கும் மயிரிழைக் கோடுகளை இழுத்தது இறகுப் பேனா அல்ல, செதுக்குளி. உலோகத்தில் உளி இழுத்த கோட்டைக் காகிதத்தில் எட்டிப்பிடிக்க மாணவர்கள் பல தலைமுறைகளாக முயன்றார்கள். அந்த முயற்சியே இக்கலையின் தரத்தை அவ்வளவு உயரத்தில் வைத்தது என்பது என் கருத்து.

இந்த எழுத்து கடல் கடந்து நம் புனித ஜார்ஜ் கோட்டைக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் கடைநிலைப் பதவிக்கே ‘ரைட்டர்’ என்றுதான் பெயர். 1744இல் சென்னைக்கு வந்து சேர்ந்த ராபர்ட் கிளைவ் அந்தப் பதவியில்தான் வேலையைத் தொடங்கினார். கடிதங்களையும் கணக்குகளையும் படியெடுப்பது ரைட்டர்களின் அன்றாட வேலைகளுள் ஒன்று. கோட்டைக்கு வடக்கே, இன்றைய ஜார்ஜ் டவுனில் இருந்த வணிக நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த நம்மவர்களுக்கும் நல்ல ஆங்கிலக் கையெழுத்து ஒரு தகுதியாயிற்று. உங்கள் தாத்தா அந்த வரிசையில் வந்தவர்.

இதை அலங்காரக் கலையாக உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்கள் அமெரிக்கர்கள். பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் (1800–1864) முட்டை வடிவ வளைவுகளை அடிப்படையாக வைத்து, 52 பாகை சாய்வில் ஓர் எழுத்தை உருவாக்கி, ஓஹையோ மாநிலத்தின் ஜெனீவா ஊரில் ஒரு மரக்குடிலில் மாணவர்களுக்குக் கற்பித்தார். அவருடைய மகன்களும் மாணவர்களும் வணிகக் கல்லூரிகள் வழியாக அதை நாடெங்கும் பரப்பினார்கள். நம் பெட்டிக்கடைப் பலகைகளில் தினமும் பார்க்கிற கோகோ கோலா பெயர் அந்தப் பாணி எழுத்துதான். 1886இல் அதை அமைத்த பிராங்க் ராபின்சன் அந்த நிறுவனத்தின் கணக்கர்.

பின்னர் தட்டச்சுப் பொறி வந்தது. ஆஸ்டின் நார்மன் பால்மர் அலங்காரங்களைக் களைந்து, வேகம் ஒன்றையே குறியாகக் கொண்ட எழுத்தைப் பள்ளிகளில் புகுத்தினார். அலுவலகத் தேவை குறையக் குறைய, அலங்கார எழுத்து தேர்ந்த கைகளிடம் மட்டும் தங்கியது. பெயரட்டைகள் எழுதிப் புகழ்பெற்ற லூயிஸ் மடராஸின் பெரிய எழுத்துகளில், ஒரே வீச்சில் தடித்து மெலியும் கோடுகளைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது. 1888இல் கொலம்பஸ் நகரில் சார்லஸ் பாக்ஸ்டன் ஜேனர் தொடங்கிய கல்லூரி, அத்தகைய கைகளை உருவாக்கும் பட்டறையாகவே விளங்கியது.

கேள்வி: நான்கு கோடு நோட்டில் கர்சிவ் எழுதும் என் மாணவர்கள் அரைப் பக்கத்திலேயே கை வலிக்கிறது என்கிறார்கள். அந்தக் காலத்து ஆசான்கள் எப்படிக் கற்பித்தார்கள்?
– பெரம்பூர் ஆசிரியை

பதில்: அவர்கள் எழுத்தைக் கற்பிக்கும் முன் கையசைவைக் கற்பித்தார்கள். நம் பிள்ளைகள் விரல்களை மடக்கி நீட்டி எழுதுகிறார்கள், அதனால்தான் வலி. ஸ்பென்சர், பால்மர் மரபுகளில் முன்கையின் சதைப்பகுதி மேசையில் படிந்திருக்க, விரல்கள் பேனாவைத் தளர்வாகப் பிடித்திருக்க, கை முழுதும் சேர்ந்து நகரும். பெரிய எழுத்துகளுக்கு முழங்கையையும் சற்றே உயர்த்தித் தோளிலிருந்து வீசுவார்கள். பாடம் தொடங்குவது ஒரே முட்டை வடிவத்தின் மேல் திரும்பத் திரும்பச் சுற்றுவதிலும், சாய்கோடுகளை மேலும் கீழும் இழுப்பதிலும். ஆசான் எண்ணிக்கை சொல்ல, வகுப்பே ஒரே தாளத்தில் எழுதும். தினமும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள், பென்சிலே போதும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.

கேள்வி: குறைந்த செலவில் கருவிகளைச் சேர்க்க வழி சொல்லுங்கள். இந்தப் பேனாவால் தமிழும் எழுத முடியுமா?
– தண்டையார்பேட்டை கல்லூரி மாணவர்

பதில்: வேண்டியது கூர்முனை நிப்பு. அழுத்தினால் அதன் இரு கிளைகளும் விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மயிரிழையாகும். பர்மிங்காமின் ஜோசப் கில்லட் நிப்புகள் பழைய ஆசான்கள் போற்றியவை, ஆனால் மிக மென்மையானவை. தொடக்கத்துக்கு ஜப்பானிய நிக்கோ ஜி நிப்பு தாங்கும். புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்குமாதலால் சோப்பு நீரில் கழுவித் துடையுங்கள், இல்லாவிட்டால் மை ஒட்டாமல் திரளும். வலக்கைக்காரர்களுக்கு நிப்பைப் பக்கவாட்டில் தாங்கும் சாய்வுப் பிடி உதவும், மணிக்கட்டைத் திருகாமலே சாய்வு கிடைக்கும். வழவழப்பான, மை ஊறாத காகிதம் ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும்.

மை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஐரோப்பியர்கள் நூற்றாண்டுகளாக எழுதிய இரும்பு மைக்கு வேண்டியவை மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம் பிசின் ஆகிய மூன்றுமே. ராசப்பா செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மாசிக்காயை இடித்து ஊறவைத்து வடித்த நீரில் அன்னபேதியைக் கரைத்துப் பிசின் சேர்க்க வேண்டும். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் படப்பட கறுத்துக் காகிதத்தோடு பிணைந்துகொள்ளும். நிப்பை அரிக்கும் என்பதால் எழுதி முடித்ததும் கழுவுங்கள். மைப் பேனாவில் ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

தமிழ் தாராளமாக எழுதலாம், ஆனால் ஒரு விதி உண்டு. கூர்முனை நிப்பை மேல்நோக்கித் தள்ளும்போது அழுத்தினால் அது காகிதத்தைக் குத்தி மையைத் தெறிக்கும். ‘ப’ எழுதிப் பாருங்கள்: முதலில் இறங்கும் இடப்பக்கக் கோட்டைத் தடிக்க விடலாம், ஏறி முடியும் வலப்பக்கக் கோடு மெலிந்தே ஆகவேண்டும். எழுத்தாணிக்குப் பழகிய நம் எழுத்தில் தடிப்பு, மெலிவு இல்லாததால் அதன் இடத்தை நீங்களே தேர வேண்டும். மேல் விலங்கு நல்ல இடம். ‘கி’, ‘மி’ ஆகியவற்றில் அது மெலிந்து ஏறி வளைந்து வலப்பக்கம் இறங்குமிடத்தில் அழுத்தம் கொடுத்தால் எழுத்துக்கே ஒரு கம்பீரம் வரும். இந்த மூன்று எழுத்துகளையும் ஒரு மாதம் பழகி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், திருத்திச் சொல்கிறேன்.