காவ்காவ் (சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வு) ஆங்கிலத் தாள்: 'ஏழில் ஐந்து' பகுதிக்கு ஒரு வழி

வணக்கம். செங்டுவில் உங்கள் மேல்நிலை மாணவர்களுக்குச் சொற்கள் தெரிந்தும், பத்தியில் விடுபட்ட 5 வாக்கியங்களைக் கொடுத்த ஏழிலிருந்து தேர்ந்தெடுக்கத் தடுமாறுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். புதுமுறை வினாத்தாளில் அதற்கு 12.5 மதிப்பெண், விட்டுவிட முடியாது.

இன்னொரு சொற்பட்டியல் மட்டும் வேண்டாம். பாவம், மனப்பாடம் செய்தே களைத்திருப்பார்கள். கோடிட்ட இடத்துக்கு அடுத்த வாக்கியம் 'தே' (they, அவர்கள் அல்லது அவை) என்று தொடங்குகிறதா? யாரை, எவற்றைச் சொல்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பன்மைப் பெயர் விடுபட்ட வாக்கியத்தில்தான் இருக்கும். சீன மொழியில் அவன், அது என்பதையெல்லாம் சொல்லாமலே விடுவது சாதாரணம், அதனால் ஆங்கிலத்திலும் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. காட்டிக்கொடுத்த சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். மிஞ்சும் 2 வாக்கியங்கள் ஏன் பொருந்தவில்லை என்றும் பேசவையுங்கள். வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.