புழு நெளிந்தால் மண் சுத்தமா? – கேள்வி பதில்

மண் நச்சியல் ஆய்வகத்தில் மண்புழுக்களோடு வேலை செய்பவர், வாசகர் கேள்விகளுக்குத் தந்த பதில்கள்.

ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி: எங்கள் நிலத்தில் குரோமியம் என்ற உலோகம் கலந்திருக்கிறது என்கிறார்கள். தோண்டினால் புழு நெளிகிறதே ஐயா?

நெளியட்டும். புழு சாவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே அதன் செல்களில் டிஎன்ஏ இழைகள் அறுபடத் தொடங்கியிருக்கும். எந்தக் குரோமியம் என்பதையும் கேளுங்கள், ஒரே உலோகத்துக்கு வெவ்வேறு வேதி வடிவங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது குரோமியம்-3. செல்லுக்குள் லேசில் போகாது. உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது குரோமியம்-6. சல்பேட் நுழையும் வழியிலேயே அதுவும் நுழைந்துவிடும். உள்ளே போய்க் குரோமியம்-3 ஆக மாறும்போதுதான் டிஎன்ஏவைப் பதம் பார்க்கும்.

விலங்கியல் மாணவி: அறுந்ததை எப்படிப் பார்ப்பீர்கள்? புழுவைக் கொல்ல வேண்டுமா?

வேண்டாம். ஐந்து சதவீத ஆல்கஹால் கலந்த உப்புக் கரைசலில் புழுவைச் சில நிமிடம் விட்டால், முதுகுத் துளைகள் வழியாக உடற்குழித் திரவத்தைக் கக்கும். சளிபோல் ஒட்டாமலிருக்க ஒரு மருந்து சேர்ப்போம்: குவாய்ஃபெனசின். ஆம், இருமல் சிரப்பில் இருக்கும் அதே சரக்கு! திரவத்தில் கிடைக்கும் சீலோமோசைட்டுகள் புழுவின் எதிர்ப்புச் செல்கள். அவற்றை அகரோஸ் கூழில் கலந்து கண்ணாடித் தகட்டில் பூசி, செல் சவ்வைக் கரைத்து, காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவோம். முழு டிஎன்ஏ உருண்டையாக நிற்கும். அறுந்த துண்டுகள் நேர்மின்வாயை நோக்கி இழுபட்டு, ஒளிரும் சாயத்தில் வால்நட்சத்திரம்போல் தெரியும். அதனால்தான் காமெட் சோதனை என்று பெயர். 1984-இல் வந்த முறை. இன்று பரவலாகச் செய்யும் கார வடிவம் 1988-இல் வந்தது. மங்கலான வெளிச்சத்தில் செய்யுங்கள், விளக்கொளியே இழையை அறுக்கும்.

அதே மாணவி: குரோமியம்-6 கலந்த மண்ணில் வால் குறைந்துவிட்டது. மண் நல்லதா?

அவசரப்படாதீர்கள்! பலரும் சறுக்கும் இடம் இது. குரோமியம் டிஎன்ஏவையும் புரதத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்தது நகராது, வால் வளராது. டிஎன்ஏவை அறுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் செல்களைச் சிறிது போட்டுப் பாருங்கள். சாதாரண செல்லில் வால் நீளும். பிணைந்த செல்லில் அந்த அளவு நீளாது. புரதத்தைச் செரிக்கும் புரோட்டினேஸ்-கே நொதி சேர்த்தபின் வால் நீண்டால், சந்தேகம் தீர்ந்தது.

வால் நீளத்தை வைத்து எந்த உலோகம் என்று சொல்லலாமா?

முடியாது. பூச்சிக்கொல்லியும் வாலை நீட்டும். ஆகவே அதே ஊரின் சுத்தமான மண்ணில் வளர்த்த புழுக்களையும் அருகில் வைத்துச் சோதிக்க வேண்டும். உலோக அளவை வேதிச் சோதனை தனியாகச் சொல்லட்டும். மொத்த அளவை மட்டும் பார்த்தும் ஏமாறாதீர்கள். அமில மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் எளிதில் கரைந்து புழுவுக்குள் போகும். சுண்ணாம்பு மண்ணில் அதே அளவு பெரும்பாலும் பிடிபட்டே கிடக்கும்.

மண்புழு உரம் தயாரிப்பவர்: இந்தச் சோதனைக்கு என் தொட்டிப் புழுவை எடுக்கலாமா?

ஐசீனியா ஃபெட்டிடா என்றால் தாராளமாக. கழுத்துப்பட்டை (உடலைச் சுற்றிய தடித்த வளையம்) தெரியும் முதிர்ந்த புழுவாகப் பாருங்கள். ஆனால் அது எருவில் வாழும் இனம். வயல் மண்ணுக்கு நம் ஊர் மண்புழு இனமான லாம்பிட்டோ மாரிட்டியை வைத்துப் பார்ப்பதே எனக்குப் பிடித்தம்.

சோதித்த புழுவைக் கோழிக்குப் போடலாமா?

கூடாது. புழு காட்மியத்தை மெட்டலோதயோனின் புரதத்தோடு கட்டி உடலிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். பல நேரம் மண்ணைவிட புழுவில்தான் காட்மியம் அதிகம்.