கேளுங்கள், சொல்கிறேன்: அட்டையின் தலை எங்கே போச்சு?

பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு அமெரிக்க காமிக்ஸ்களில், அட்டையின் மேல்பகுதி தலைப்போடு சேர்த்து நேராகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. ஏதாவது தணிக்கையா?

தணிக்கை இல்லை, ரிட்டர்ன் கணக்கு. அந்தக் காலத்தில் அங்கே காமிக்ஸ் விற்றது பத்திரிகைக் கடைகளில்தான். விற்காத பிரதிகளுக்குக் கடைக்காரர் காசு திரும்பப் பெறலாம். ஆனால் பத்து சென்ட் புத்தகத்தைக் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினால் வண்டிக்கூலி கட்டுமா? தலைப்பு உள்ள பட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் போதும் என்றார்கள். மீதியைக் கடைக்காரரே அழித்துவிட வேண்டும். அழித்தாரா என்பதற்கு உங்கள் கையில் இருப்பதே சாட்சி. என்னிடமும் அப்படித் தலையில்லாத புத்தகம் ஒன்று இருக்கிறது. கதை முழுசாக இருக்கிறது, என்ன இதழ் என்றுதான் தெரியவில்லை.

அட்டையில் போடும் மாதமும் இதே சமாச்சாரம்தான். 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் 1938 ஜூன் என்று இருக்கும், கடைக்கு வந்தது ஏப்ரலில். வாசகருக்கான தேதி இல்லை அது. 'இதுவரை வைத்திரு, அப்புறம் எடுத்துவிடு' என்று கடைக்காரருக்குச் சொல்வது. 1970-களில் ஃபில் சூலிங் என்ற காமிக்ஸ் வியாபாரி, 'தள்ளுபடியைக் கூட்டிக் கொடுங்கள், ஒரு பிரதிகூடத் திருப்பித் தரமாட்டேன்' என்ற ஏற்பாட்டில் பதிப்பாளர்களிடம் நேரடியாக வாங்க ஆரம்பித்தார். காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகியதற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம்.

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் கதை பாதியில் ஆரம்பிக்கிறதே, பக்கம் விட்டுப்போனதா?

நல்ல கண் உங்களுக்கு! முதல் பக்கத்தில் அவன் பிறந்த கதை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், கட்டிப்போட்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கவர்னர் மாளிகைக்குப் பறக்காத குறையாக ஓடுகிறான். யார் அவள், எதற்குக் கட்டினான்? அந்த இடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அதைச் செய்தித்தாளுக்கான தினசரித் தொடராகத்தான் செய்து வைத்திருந்தார்கள். யாரும் வாங்கவில்லை. கடைசியில் காமிக்ஸ் புத்தகத்துக்கு 13 பக்கம் கேட்டார்கள். கையிலிருந்த தினசரித் தொடரின் படப்பட்டைகளைக் கட்டம் கட்டமாகக் கத்தரித்துப் பக்கத்தில் ஒட்டினார்கள். இடத்துக்குள் அடங்காத ஆரம்பம் வெளியே போய்விட்டது. அடுத்த வருடம் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழில் அதைச் சேர்த்தார்கள். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 130 டாலருக்கு உரிமையையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தது தனிச் சோகம். வேடிக்கை என்னவென்றால், 1939 ஜனவரியிலேயே அது செய்தித்தாள் தொடராகவும் வந்துவிட்டது.

வேதாளர் (ஃபாண்டம்) என்ற முகமூடி நாயகரின் உடை ஓரிடத்தில் ஊதா, இன்னோரிடத்தில் சிவப்பு. எது சரி?

அவரை உருவாக்கிய லீ ஃபாக் மனதில் இருந்தது சாம்பல் நிறம்! 1936 பிப்ரவரியில் தொடங்கிய தினசரித் தொடர் கறுப்பு வெள்ளை என்பதால் நிறப் பிரச்சினையே எழவில்லை. 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வந்தபோது ஊதா ஆகிவிட்டார். இத்தாலியில் சிவப்பு, ஸ்வீடனில் நீலம். அவரவர் ஊர் அச்சகத்தில் ஊற்றிய மைதான் அவரவருக்குச் சரி.

'பீனட்ஸ்' என்ற செய்தித்தாள் சித்திரத் தொடரில் ஏன் நாலு கட்டமும் ஒரே அளவு?

1950 அக்டோபர் 2-இல் ஏழே செய்தித்தாள்களில் தொடங்கிய தொடர் அது. விற்க வேண்டுமே! நாலும் ஒரே அளவாக இருந்தால் பக்க ஆசிரியர் குறுக்கே ஒரு வரிசையாகப் போடலாம், ஒரு பத்தியில் மேலிருந்து கீழாக அடுக்கலாம், இரண்டிரண்டாகச் சதுரமாகவும் வைக்கலாம். அதை வரைந்த சார்ல்ஸ் ஷூல்ஸ் அந்தக் கட்டத்திலிருந்து வெளியே வர 1988 ஆனது. தொடருக்கு 'பீனட்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவரல்ல, அதைச் செய்தித்தாள்களுக்கு விற்ற விநியோக நிறுவனம்தான். கடைசிவரை அவருக்கு அது பிடிக்கவில்லை.

சதுரமாக வைப்பதில் ஆபத்தும் உண்டு. பக்கம் ஒட்டும் வேலையில் நான் புதிதாகச் சேர்ந்த சமயம், வேறொரு நாலு கட்டத் தொடரில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டேன். ஆள் முதலில் வழுக்கி விழுந்தான், அப்புறம் வாழைப்பழம் தின்றான். பிழை பார்ப்பவர் பார்த்தார், ஆசிரியர் பார்த்தார், யார் கண்ணிலும் படவில்லை. நாலாம் நாள் ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு சின்னப் பையன் நாலு கட்டம் வரைந்து, உள்ளே 1, 3, 2, 4 என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தான்.