பேசாதது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்துச் சட்டம் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். 'இன்ஃபேன்டிசைடு' என்ற சொல்லுக்குச் 'சிசு கொலை' என்று எழுதினால் காதுக்குக் கடுமையாக இருக்கிறது. 'சிசு இழப்பு' எனலாமா? அதன் வேர்ச்சொல் என்ன? 'ஃபீட்டிசைடு' என்பதும் இதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. அது கருவை அழிப்பது, இது பிறந்தபின் நடப்பது. அகராதியைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

லத்தீனில் 'ஃபாரி' என்றால் பேசுதல். முன்னால் 'இன்' சேர்ந்தால் 'இன்ஃபான்ஸ்', அதாவது பேசாதது. குழந்தைக்கு ரோமானியர் வைத்த பெயர் அது. சில வாரங்களாக எனக்கு அதன்மேல் கோபம். என் பேத்திக்குப் பத்து மாதம். மூக்குக்கண்ணாடிக் கூட்டை மேசையிலிருந்து தள்ளிவிடுவாள். தரையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், 'ம்' என்பாள். எடுத்துக் கொடுத்தால் மறுபடி தள்ளுவாள். நான் எடுக்கத் தாமதித்தால் அந்த 'ம்' நீளும், அதட்டலாகவே மாறும். இதுவா பேசாதது? 'மழவும் குழவும் இளமைப் பொருள' என்கிறது தொல்காப்பியம். குழவி, குழந்தை எல்லாம் அந்த இளமையிலிருந்து வந்தவை. மழலையோ குழந்தையின் பேச்சுக்கே பெயராகிவிட்டது. அவர்கள் இல்லாததை வைத்துப் பெயரிட்டார்கள், நாம் இருப்பதை வைத்து. இன்னொன்று: விதியைக் குறிக்கும் 'ஃபாட்டும்' என்ற லத்தீன் சொல்லும் அதே 'ஃபாரி'யிலிருந்து வந்ததுதான். சொல்லப்பட்டது என்று பொருள். பேச முடியாததைப் பற்றிப் பிறர் சொல்லி முடித்துவிடுவது. யோசித்தால் வயிற்றைப் பிசைகிறது.

சரி, உங்கள் 'இழப்பு'. இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'இன்ஃபேன்டிசைடு' என்பதன் பின்பாதி 'கைடெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது: வெட்டு, வீழ்த்து, கொல். ஆங்கிலக் காதில் அந்த வெட்டுச் சத்தம் மழுங்கிவிட்டது. பூச்சிமருந்தின் ஆங்கிலப் பெயரான 'இன்செக்டிசைடு' என்பதிலும் அதே வால்தான். தமிழில் கொலை கொலையாகவே கேட்கிறது. அதைப் போய் மழுக்கப் பார்க்கிறீர்களே! இழப்பு என்றால் யாரோ எதையோ தொலைத்தார்கள். இங்கே தொலைத்தவர் யார்?

இங்கிலாந்தின் 1938ஆம் ஆண்டுச் சிசுக்கொலைச் சட்டத்தையே பாருங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைத் தாய் கொன்றிருந்து, பிரசவத்தின் பாதிப்பிலிருந்து முழுதாக மீளாததால் அவள் மனம் நிலைகுலைந்திருந்தால், தண்டனையை அது தளர்த்துகிறது. அந்த இரக்கம் தாய்க்கு, நியாயமான இரக்கம். அதற்காகக் குழந்தை தானாகப் போய்விட்டது என்று சட்டம் சொல்லவில்லை. இரக்கத்தை வாக்கியத்தில் காட்டுங்கள், கலைச்சொல்லில் கை வைக்காதீர்கள்.

சிசுக்கொலை என்றே போடுங்கள். நடுவில் அந்த 'க்' விட்டுப்போகாமல்.